டயர் விளக்கு அணைய மறுக்கிறதா? வீட்டிலேயே டிபிஎம்எஸ் ரீசெட் செய்யும் முறை

காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள். டேஷ்போர்டில் மஞ்சளாக, குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அது டயர் என்றே தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. ஏதோ இன்ஜின் சமாச்சாரம் என்று பயந்து வண்டியை ஓரங்கட்டி, மேனுவலைப் புரட்டிய பிறகுதான், டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிகிற வடிவம் அது என்று விளங்கியது. டயரில் காற்று குறைவு என்று கார் சொல்கிறது, அவ்வளவுதான். சரி, காற்று அடித்தாயிற்று, அப்புறமும் விளக்கு அணையவில்லை, என்ன செய்வது? அதற்குத்தான் இது.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் புதியவர்கள் எல்லோரும் சறுக்குகிறார்கள். ரீசெட் பட்டன் விளக்கை அணைக்கும் சுவிட்ச் இல்லை. அதை அழுத்தும்போது, 'இப்போது நான்கு டயரிலும் இருக்கிற காற்றுதான் சரியான அளவு, இதை மனதில் வைத்துக்கொள்' என்று காரிடம் சொல்கிறீர்கள். நீங்கள் சொன்னால் கார் நம்பிவிடும், எதிர்த்துக் கேட்காது. நான் ஒருமுறை அவசரமாகக் கிளம்பும்போது விளக்கு எரிந்தது. இறங்கி ஒரு சுற்று பார்த்தேன், நான்கு டயரும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. பட்டனை அழுத்திப் பிடித்தேன், விளக்கு அணைந்தது, போய்விட்டேன். மூன்றாம் நாள் காலையில் பின்பக்க டயர் ஒன்று ரிம்மோடு தரையில் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஆணி. காற்று குறைந்த நிலையிலேயே ஓட்டியதில் டயரின் பக்கச்சுவர் உள்பக்கம் அரைபட்டுப் போயிருந்தது, பஞ்சர் ஒட்டினால் தீர்ந்திருக்க வேண்டிய வேலைக்குப் புது டயர் வாங்க வேண்டியதாயிற்று. கார் சரியாகத்தான் எச்சரித்தது, அதன் வாயை அடைத்தவன் நான்தான்.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் இந்த அமைப்பைத்தான் டிபிஎம்எஸ் என்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. உங்களுடையது எது என்று தெரியாமல் ரீசெட் செய்யப் போனால், பாதி நேரம் இல்லாத பட்டனைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் வகையில் டயருக்குள் எதுவுமே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் சென்சார் ஏற்கெனவே இருக்கிறதல்லவா, அதையே கார் இதற்கும் பயன்படுத்திக்கொள்கிறது. காற்று குறைந்த டயர் கொஞ்சம் அமுங்கும், அமுங்கினால் அதன் சுற்றளவு துளி குறையும், அதனால் அதே தூரத்தைக் கடக்க மற்ற மூன்றையும்விட அது சற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துத்தான் விளக்கைப் போடுகிறது. இதற்கு மறைமுக முறை என்று பெயர். கவனியுங்கள், டயரில் எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கிறது என்று இந்தக் காருக்குத் தெரியவே தெரியாது. முன்பு மனப்பாடம் செய்துவைத்த சுழற்சிக்கும் இப்போதைய சுழற்சிக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே தெரியும். ஆகவே காற்று அடித்தாலோ, டயர் மாற்றினாலோ, முன் டயரைப் பின்னால் மாட்டினாலோ, ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். ரீசெட் என்ற சொல் உண்மையில் பொருந்துவது இந்த வகைக்குத்தான்.

இரண்டாவது, நேரடி முறை. டயருக்குள், காற்று அடிக்கும் வால்வின் அடியிலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். அழுத்தத்தை அளந்து ரேடியோ அலை வழியாகக் காருக்கு அனுப்பும். சில நாடுகளில் 315 மெகாஹெர்ட்ஸ், மற்ற இடங்களில் 433 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு, உள்ளேயே சின்ன பேட்டரியும் உண்டு. அந்த பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியாது, 5 முதல் 10 வருடத்துக்குள் தீர்ந்துபோகும், தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டியதுதான். இந்த வகைக் கார்களில் சரியான அளவுக்குக் காற்று அடித்துக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே பெரும்பாலும் விளக்கு தானாக அணைந்துவிடும். பல கார்களில் ரீசெட் பட்டனே இருக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது? டேஷ்போர்டுத் திரையில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக எண் காட்டினால் நேரடி முறை என்று முடிவு செய்துகொள்ளலாம். எண் எதுவும் இல்லாமல் விளக்கு மட்டும் இருந்து, கூடவே 'செட்' பட்டனோ மெனுவில் 'கேலிபரேஷன்' என்ற வரியோ இருந்தால் பெரும்பாலும் மறைமுக முறை. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், உள்ளே சென்சாரும் வைத்து வெளியே பட்டனும் வைத்த கார்கள் இருக்கின்றன, டொயோட்டாவில் அப்படிப் பல மாடல்கள் உண்டு. வால்வைப் பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம். உலோகத் தண்டும் அடியில் நட்டும் இருந்தால் உள்ளே சென்சார் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ரப்பர் வால்வோடு வரும் சென்சாரும் இருக்கிறது, அதனால் ரப்பரைப் பார்த்து 'சென்சார் இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் மேனுவல்தான். அச்சுப் புத்தகம் தொலைந்திருந்தால் தயாரிப்பாளர் தளத்தில் மாடல், வருடம் கொடுத்துத் தேடுங்கள், அநேகமாக எல்லா நிறுவனமும் இலவசமாகவே போட்டிருக்கிறது.

விளக்கு எரிகிறதா, சிமிட்டுகிறதா?

இதைக் கவனிக்காமல் நேராக ரீசெட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். ஸ்டார்ட் செய்ததும் விளக்கு எப்படி வருகிறது என்று ஒன்றரை நிமிடம் பொறுமையாகப் பாருங்கள்.

வந்ததிலிருந்தே அசையாமல் எரிந்தால் காற்று குறைவு என்று பொருள். சுமார் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் கோளாறு டயரில் இல்லை, கண்காணிக்கிற அமைப்பிலேயே இருக்கிறது. சென்சார் பேட்டரி செத்திருக்கலாம், டயர் கழற்றும்போது சென்சார் உடைந்திருக்கலாம், சென்சார் இல்லாத ஸ்டெப்னியை மாட்டியிருக்கலாம். இந்த மாதிரி சிமிட்டுகிற விளக்குக்கு எத்தனை தடவை பட்டனை அழுத்தினாலும் பலன் கிடையாது.

காலையில் எரிந்து, பத்து இருபது நிமிடம் ஓட்டியதும் அணைந்துவிடுகிறது என்றால் அது வேறு கதை. குளிர்ந்தால் காற்றின் அழுத்தம் இறங்கும், 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ. இரவில் 15 டிகிரி இறங்குகிற பருவத்தில், ஏற்கெனவே விளிம்பில் இருந்த டயர் காலையில் கோட்டுக்குக் கீழே போய்விடும், ஓட ஓடச் சூடாகி மறுபடி மேலே வந்துவிடும். 'தானாகச் சரியாகிவிட்டது' என்று விட்டுவிடக் கூடாது, அந்த டயருக்குக் காற்று தேவை, அது கேட்கிறது.

இன்னொன்று, விளக்கு எரியாவிட்டால் காற்று சரியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில், டயர் பிய்ந்து வண்டிகள் கவிழ்ந்த தொடர் விபத்துகளுக்குப் பிறகு 2000 இல் ஒரு சட்டம் வந்து, 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் டிபிஎம்எஸ் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். அதாவது 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் 24 க்கு இறங்கும்வரை கார் வாயைத் திறக்காமல் இருந்தாலும் விதிப்படி தப்பில்லை. 26 பிஎஸ்ஐயில் மாதக்கணக்கில் ஓட்டி, டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து, பெட்ரோலும் கூடுதலாகக் குடித்து, விளக்கையே பார்க்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் காற்று, பிறகு பட்டன்

உங்களுக்குத் தேவையானவை மூன்று: ஒரு பிரஷர் கேஜ், ஒரு பம்ப், கொஞ்சம் சோப்புத் தண்ணீர். பம்பிலேயே அளவு காட்டும் என்றாலும் தனி கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அது காட்டும் எண்ணை நம்ப முடியாது, நிறுத்திவிட்டுப் பார்த்தால்தான் ஓரளவு சரியாக இருக்கும்.

டயர் ஆறியிருக்க வேண்டும். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. காலையில் கிளம்பும் முன் அளப்பதுதான் உத்தமம், வெயில் ஒரு பக்க டயர்களில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் கூடுதலாகக் காட்டும். ஓடிச் சூடான டயர் 3 முதல் 5 பிஎஸ்ஐ வரை அதிகமாகக் காட்டுவது சகஜம். அதைப் பார்த்துவிட்டு 'ஐயோ, அதிகமாகிவிட்டதே' என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலை நான்கும் குறைவாக இருக்கும், விளக்கும் எரியும். இறக்கவே வேண்டாம்.

எத்தனை பிஎஸ்ஐ? ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு மூடுகிற தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். அதில் முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும், இரண்டும் வேறுவேறாக இருக்கலாம், முழுப் பாரம் ஏற்றினால் எவ்வளவு என்று தனியாகவும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் 44 அல்லது 51 என்று பொறித்திருப்பதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, உங்கள் காருக்கான அளவு இல்லை. இந்தத் தவற்றை அனுபவசாலிகளே செய்வதைப் பார்த்திருக்கிறேன், 'டயரிலேயே எழுதியிருக்கிறதே' என்று வாதாடுவார்கள். ஸ்டிக்கரில் எண் வேறு அலகில் இருந்தால் குழம்ப வேண்டாம், 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, 100 கிலோபாஸ்கல் என்பதும் அதேதான். 2.2 பார் என்றிருந்தால் சுமார் 32 பிஎஸ்ஐ.

நான்கையும் அளந்து முதலில் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அடியுங்கள். எதற்குக் குறிக்க வேண்டும் என்றால், மூன்று டயர் 30, 30, 31 என்று இருந்து ஒன்று மட்டும் 22 இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. நான்கும் சேர்ந்து 27 க்கு வந்திருந்தால் வெறுமனே நாள்பட்ட குறைவு, டயர் என்பது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மாதம் ஒன்றோ இரண்டோ பிஎஸ்ஐ கசிந்துகொண்டுதான் இருக்கும். தனியாகக் குறைந்த அந்த ஒன்றில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். முதலில் வால்வு வாயில் ஒரு சொட்டு விடுங்கள், குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசியை மாற்றினால் போதும். பிறகு டயரின் ஓடுபாதைப் பகுதி முழுக்க, கடைசியாக டயரும் ரிம்மும் சேருகிற விளிம்பு. ஆணி கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள்! அதுதான் அந்த ஓட்டையை இப்போதைக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. காற்றை நிரப்பி, அப்படியே மெதுவாகப் பஞ்சர் ஒட்டுமிடத்துக்குப் போங்கள், ரீசெட்டெல்லாம் அப்புறம்.

அடித்து முடித்ததும் மூடியைப் போட மறக்காதீர்கள். நேரடி முறைக் கார்களில் பிளாஸ்டிக் மூடியே போதும், போதும் என்ன, அதுதான் நல்லது. பளபளப்பாக இருக்கிறதே என்று உலோக மூடி வாங்கிப் போட்டால், அலுமினிய வால்வுத் தண்டில் அது அரித்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் இடுக்கி வைத்துத் திருகும்போது தண்டே ஒடிந்துவரும், சென்சாரோடு போய்விடும்.

இனி ரீசெட்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள், கியர் பார்க்கில் அல்லது நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். காருக்குக் கார் வழி மாறும், ஆனால் மொத்தத்தில் மூன்று விதத்துக்குள் அடங்கிவிடும்.

ஒன்று, பட்டன். ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம், அல்லது அதன் இடது வலது ஓரத்தில், அல்லது கையுறைப் பெட்டிக்குள் இருக்கும். டயர் படமோ 'செட்' என்ற எழுத்தோ போட்டிருக்கும். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள், முதல் தடவை தேடுகிறவர்கள் பத்து நிமிடம் தேடுவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இக்னிஷனை ஆன் செய்துவிட்டு, வண்டி நின்ற நிலையிலேயே, டேஷ்போர்டு விளக்கைப் பார்த்தபடி பட்டனை அழுத்திப் பிடியுங்கள். டொயோட்டாவில் விளக்கு மெதுவாக மூன்று தடவை சிமிட்டும்வரை பிடிக்க வேண்டும். மாஸ்டாவில் இரண்டு தடவை சிமிட்டி 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். சிமிட்டியதும் விரலை எடுத்துவிடுங்கள். உடனே இக்னிஷனை அணைத்துவிடாமல் சில நிமிடம் அப்படியே விட்டுவைப்பது நல்லது, சில கார்களில் மேனுவலே அப்படித்தான் சொல்கிறது.

இரண்டு, மெனு. இப்போது வருகிற பல கார்களில் பட்டனை எடுத்துவிட்டுத் திரைக்குள் போட்டுவிட்டார்கள். செட்டிங்ஸ், அதற்குள் வெஹிக்கிள், அதற்குள் டயர் அல்லது டிபிஎம்எஸ், அங்கே 'கேலிபரேட்' அல்லது 'இனிஷியலைஸ்' அல்லது 'செட்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். மூன்றும் ஒரே வேலைதான், ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது. தொடுதிரை இல்லாத கார்களில் ஸ்டியரிங்கில் இருக்கும் அம்புக்குறி பட்டன்களால் டேஷ்போர்டின் சின்னத் திரையில் இதே பாதையில் போகலாம். வண்டி நகர்ந்துகொண்டிருந்தால் இந்த வரி மங்கலாகி அழுத்த விடாது. 'வேலை செய்யவில்லை' என்று நினைத்துவிடாதீர்கள், நிறுத்திவிட்டு முயலுங்கள்.

மூன்று, எதையும் அழுத்தாமல் ஓட்டுவது. நேரடி முறையில் பல கார்களுக்கு இதுவே போதும். வண்டி நிற்கும்போது பேட்டரியை மிச்சப்படுத்த சென்சார்கள் தூங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் காற்று அடித்த சேதியே அவை இன்னும் காருக்குச் சொல்லியிருக்காது. சக்கரம் உருண்டு, வேகம் மணிக்கு 25, 30 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் விழித்துப் பேச ஆரம்பிக்கும். ஆகவே, அடித்து முடித்த கையோடு இருக்கையில் உட்கார்ந்து 'இன்னும் பழைய எண்ணே காட்டுகிறதே' என்று கவலைப்படாமல், பத்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஓட்டுவது இந்த மூன்றாவது வகைக்கு மட்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். மறைமுக முறையில் பட்டனை அழுத்துவது பாதி வேலைதான், மீதியைக் கார் சாலையில் கற்றுக்கொள்கிறது. ஹோண்டாவில் பார்த்தால் மணிக்குச் சுமார் 50 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் அரை மணி நேரம் ஓட்டினால்தான் கேலிபரேஷன் முடியும். ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும் என்றில்லை, இன்று பத்து நிமிடம், நாளை இருபது என்று சேர்ந்துகொள்ளும். நேரான சாலை, சீரான வேகம், இது இருந்தால் சீக்கிரம் முடியும். நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தால் வாரம் ஆனாலும் முடியாது. இந்த இடைவெளியில் அமைப்பு பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டயரின் இடத்தை மாற்றினால்

முன் டயர்களைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போடுவது நல்ல பழக்கம். ஆனால் நேரடி முறைக் காரில் இதைச் செய்தால், எந்த அடையாள எண் கொண்ட சென்சார் எந்த மூலையில் இருக்கிறது என்று காருக்குத் தெரியாமல் போகலாம். முன் இடது குறைவு என்று காட்டும், குறைந்திருப்பது பின் இடதாக இருக்கும். பல கார்கள் ஓட ஓடத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளும். கண்டுபிடிக்காத கார்களுக்கு அதை மறுபடி கற்றுக்கொடுக்க ரீலேர்ன் என்று ஒரு வேலை இருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். ரீலேர்ன் நிலைக்குப் போனதும் ஹாரன் இரண்டு தடவை கூவும், முன் இடது இண்டிகேட்டர் எரியும். 'இங்கிருந்து ஆரம்பி' என்று பொருள். அந்தச் சக்கரத்தின் வால்வுப் பக்கம் ஒரு சின்னத் தூண்டுகருவியைக் காட்டினால் சென்சார் தன் எண்ணைச் சொல்லும், ஹாரன் ஒரு தடவை கூவும், அடுத்த மூலைக்கு நகர வேண்டும். முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது, இந்த வரிசை தப்பக் கூடாது. முதல் டயருக்கு இரண்டு நிமிடம், நான்குக்கும் சேர்த்து ஐந்து நிமிடம், அதற்குள் முடிக்காவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதனால் கருவியைத் தேடி உள்ளே ஓடுகிற வேலையெல்லாம் முன்பே முடித்துவிடுங்கள். அந்தக் கருவி தனியாக வாங்கக் கிடைக்கிறது, ஒரே ஒரு கார் வைத்திருப்பவருக்கு அது தேவையா என்றால் என் அபிப்பிராயம் தேவையில்லை, டயர் மாற்றும் இடத்தில் இரண்டு நிமிடத்தில் செய்துகொடுப்பார்கள். வருடம் இரண்டு தடவை குளிர்கால டயருக்கும் கோடைகால டயருக்கும் வீட்டிலேயே மாறுகிறவர் என்றால் வாங்கலாம்.

எல்லாம் செய்தும் அணையவில்லை

ஸ்டெப்னியைப் பாருங்கள். முழு அளவு ஸ்டெப்னி உள்ள சில கார்களில் அதற்குள்ளும் சென்சார் இருக்கும், டிக்கிக்கு அடியில் யாரும் தொடாமல் வருடக்கணக்கில் கிடந்து காற்று இறங்கி, அதுதான் விளக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். நான்கு டயரையும் பத்து தடவை அளந்தவருக்கு இது தோன்றவே தோன்றாது. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதில் சென்சார் பெரும்பாலும் இருக்காது, அதற்கு அழுத்தமும் வேறு, வழக்கமாக 60 பிஎஸ்ஐ. அதை மாட்டி ஓட்டும்போது விளக்கு எரிந்தால் எரியட்டும், அந்த நிலையில் ரீசெட் மட்டும் செய்யாதீர்கள். ஒல்லி டயரைச் சரியானது என்று கார் கற்றுக்கொள்ளும், அப்புறம் நல்ல டயரை மாட்டினால் அதைத் தப்பு என்று சொல்லும்.

பஞ்சருக்கு டயருக்குள் பசை மாதிரியான திரவம் ஊற்றியிருக்கிறீர்களா? அது சென்சாரின் நுண்துளையை அடைத்துவிடக்கூடும். டயரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் சில நேரம் பிழைக்கும். அப்படிக் கழற்றக் கொடுக்கும்போது 'வால்வுக்கு அடியில் சென்சார் இருக்கிறது' என்று வேலை செய்பவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இரும்புக் கம்பியை அந்தப் பக்கம் நுழைத்து நெம்பினால் சென்சார் நொறுங்கிவிடும்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. பெரும்பாலும் போகாது, ஆனால் கடிகாரம், ரேடியோ, கண்ணாடி தானாக ஏறி இறங்கும் அமைப்பு என்று மற்ற எல்லாவற்றையும் மறுபடி அமைத்துக்கொண்டிருப்பீர்கள். அதைவிட மோசமான இன்னொன்று, ஸ்டெப்னி உட்பட எல்லா டயரிலும் காற்றை முழுக்க இறக்கிவிட்டு மறுபடி நிரப்பச் சொல்வது. தயவுசெய்து வேண்டாம். வண்டியின் எடை மேலே இருக்க, காற்றில்லாத டியூப்லெஸ் டயர் ரிம் விளிம்பைவிட்டு விலகிவிட்டால், வீட்டில் வைத்திருக்கும் சின்ன பம்பால் அதைத் திரும்ப உட்காரவைக்கவே முடியாது. ரீசெட் செய்யப் போய் இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டிவரும்.

மணல், பனி, சேறு என்று வழுக்குகிற பாதையில் நீண்ட நேரம் ஓட்டினாலும், டயருக்குச் சங்கிலி கட்டினாலும் மறைமுக முறை குழம்பிப்போய் விளக்கைப் போடும். சாதாரணச் சாலைக்கு வந்ததும் ஒருமுறை கேஜில் அளந்துவிட்டு ரீசெட் செய்யலாம். இதே முறைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. நான்கு டயரும் ஒரே சீராகக் காற்று இழந்தால், ஒன்றோடு ஒன்றை மட்டும் ஒப்பிடுகிற பழைய அமைப்புகளுக்குத் தெரியாது, ஏனென்றால் ஒப்பிட வித்தியாசமே இல்லை. மாதம் ஒருமுறை கேஜ் எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

எப்போது வீட்டு முயற்சியை நிறுத்த வேண்டும்? விளக்கு சிமிட்டுகிற வகையாக இருந்து, ஸ்டெப்னி மாட்டவில்லை, கார் வாங்கி ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது என்றால் சென்சார் பேட்டரி தீர்ந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் கிட்டத்தட்ட அதே வயதுதான். அடுத்து புது டயர் போடப்போகிற சமயத்தில் நான்கையும் சேர்த்து மாற்றிவிட்டால், டயரைத் திரும்பத் திரும்பக் கழற்ற வேண்டியதில்லை. அதுவரை கேஜ் கையில் இருந்தால் வண்டியைத் தாராளமாக ஓட்டலாம்.

டிபிஎம்எஸ் இல்லாத காரா?

அதற்கும் வழி இருக்கிறது. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டுகிற சென்சார்கள் நான்கும், டேஷ்போர்டில் வைக்க ஒரு சின்னத் திரையும் சேர்த்து விற்கிறார்கள், சிலவற்றுக்குத் திரையும் தேவையில்லை, மொபைலிலேயே பார்க்கலாம். மாட்டும் முன் டயர் ஆறியிருக்கும்போது சரியான அளவுக்குக் காற்று அடித்துவிடுங்கள். அப்புறம் திரையில் முன்னுக்கும் பின்னுக்கும் எச்சரிக்கை அளவை அமைக்க வேண்டும். ஸ்டிக்கரில் 32 என்றால் கீழ் எல்லையை 27, 28 வாக்கில் வைத்தால் போதும், 31 என்று வைத்தால் ஒவ்வொரு குளிர்ந்த காலையிலும் அது கத்தும், பத்தாம் நாள் நீங்களே ஒலியை அணைத்துவிடுவீர்கள். மேல் எல்லையை, சூடாகும்போது ஏறும் 5 பிஎஸ்ஐயையும் கணக்கில் எடுத்து, 40 பக்கமாக வைக்கலாம். மூடிகளில் முன் இடது, பின் வலது என்று குறியிட்டிருப்பார்கள், மாற்றி மாட்டிவிடாதீர்கள். மாட்டி முடித்ததும் ஒவ்வொன்றின் விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், இவை வால்வு ஊசியை அழுத்திக்கொண்டே இருப்பவை, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் காற்று மெல்லக் கசியும்.

கழன்று விழாமல் இருக்க இவற்றோடு பூட்டு நட்டும், அதைத் திருக ஒரு குட்டி ஸ்பேனரும் பெட்டிக்குள் வரும். அந்த ஸ்பேனரைக் காருக்குள்ளேயே கேஜோடு சேர்த்துப் போட்டுவையுங்கள். நான் வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன், நெடுஞ்சாலையில் காற்று அடிக்க நின்றபோதுதான் அது எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.